நின்னா எரியற வெளக்கு

எங்க அக்கா ஒரு எடத்துல சித்த நேரம் சும்மா உக்காந்துச்சுன்னா, எங்க மாமா அடிச்சுப் புடிச்சு ஓடி வந்துருவாரு. அடேயப்பா, எத்தனை பாசம்னு நெனைச்சுக்காதீங்க. பாசந்தான், இல்லேங்கல. ஆனா அந்தப் பாசத்துக்குக் கரண்டு வேணும், வைஃபை வேணும், பழைய நிட்டிங் மெஷின்ல இருந்து உரிச்ச செவப்பு வெளக்கு ஒண்ணு வேணும். அந்தக் கூத்தைத்தான் சொல்ல வந்தேன்.

என்ற பேரு சித்ராதேவி. பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. துணியில எங்க ஓட்டை, எங்க அழுக்குன்னு தேடறதே பொழப்பாப் போச்சு. மனுசங்ககிட்டயும் அதையேதான் தேடறேன்னு எங்க அக்கா சொல்லும், சொன்னாச் சொல்லீட்டுப் போகுது. அக்கா பேரு ஞானாம்பாள். அக்கா ஊட்டுக்காரரு சாமியப்பன், எனக்கு மாமா. அவிய ஊடும் என்ற ஊடும் ஒரே செவுத்துக்கு இக்கட்டால ஒண்ணு, அக்கட்டால ஒண்ணு.

மாமா முதலிபாளையம் பக்கத்துல, பனியன் துணி பின்னற ஒரு நிட்டிங் கம்பெனியில தலை நரைக்கற வரைக்கும் மெஷின் ஓட்டுனவரு. அந்த எரைச்சல்ல காது கொஞ்சங் கொஞ்சமாப் போயி, இப்ப இடி உழுந்தாத்தான் "ஏனு, என்ன"ங்கறாரு. காதுல மாட்டற மெஷின் வாங்கிக் குடுத்தும் பாத்தாச்சு. எரைச்சல்தான் வருது, பேச்சு வரலேன்னு கழட்டி வெச்சுட்டாரு. அக்காவுக்கு அப்படியே நேர் எதிரு. கழுத்துல கட்டி வந்து ஆபரேசன் பண்ணதுல கொரல் போயிருச்சு. இப்படி ஆகலாம்னு டாக்டரு முன்னாடியே சொல்லித்தான் பண்ணாரு, ஆரையும் குத்தஞ் சொல்ல முடியாது. வெறுங் காத்தாத்தான் பேச்சு வரும், பக்கத்துல போயி நின்னாத்தான் கேக்கும். கத்த முடியாத பொண்டாட்டி, கேக்க முடியாத புருசன். அந்த ஊட்டுல சண்டையே இல்லேன்னு தெருவுல நாலு பேரு பொறாமைப்பட்டாளுக, வேலையத்தவளுக.

போன ஆவணியில அக்கா பாத்ரூம்ல வழுக்கி உழுந்துருச்சு. மாமா முன்னறையில உக்காந்து காப்பி குடிச்சுட்டு இருக்காரு. நடுவுல ஒரே ஒரு கதவு. அக்கா கூப்புட்டுக்கிட்டே கெடந்துருக்குது. வேலை முடிஞ்சு வந்து, பூக் குடுக்கலாம்னு நான் உள்ள போனப்பத்தான் பாத்தேன். நல்லவேளை எலும்பு ஒண்ணும் முறியல, இடுப்புல நல்ல அடி. நான் தூக்கி உக்கார வெச்சேன். மாமா வாசப்படியில ரெண்டு கையாலயும் காதைப் புடுச்சுக்கிட்டு நின்னாரு. எனக்கு அவரைத் திட்டோணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அந்த மூஞ்சியப் பாத்ததும் முழுங்கிட்டேன்.

சேதி கேட்டு அவிய மக மைதிலி ஓசூருல இருந்து கார் எடுத்துட்டு வந்தா. ஒத்தைப் புள்ள. அம்மா காலைப் புடுச்சுட்டு அழுதா, அப்பறம் கண்ணைத் தொடைச்சுட்டுச் சட்டம் போட்டா. "அம்மாவுக்குக் கொரல் இல்ல, அப்பாவுக்குக் காது இல்ல. உங்க ரெண்டு பேரையும் இப்படித் தனியா உட்டுட்டு அங்க எனக்குச் சோறு எறங்குமா? பொங்க நோம்பிக்கு வருவேன். வர்றப்பக் கூட்டிட்டுத்தான் போவேன், சாமானைக் கட்டி வெச்சுருங்க." அவ சொன்னதுல என்ன தப்பு? பெத்தவியளைப் பாத்துக்கறேன்னு ஒரு புள்ள சொல்றது அத்தனை லேசா? நானும் ஆமான்னுதான் தலையாட்டுனேன்.

ஆனா அக்காவுக்குப் போக இஷ்டமில்ல. ஏன்னு கேட்டாச் சிரிப்பீங்க. ஊட்டுக்குப் பின்னாடி துளியூண்டு எடம், அங்க ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலி. மத்தியானச் சோத்துக்கு மேல அக்கா அதுல போயி உக்காந்துக்கும். எதுத்த கட்டட மொட்டை மாடியில சாயம் போட்ட பனியன் துணியக் காயப் போடுவாங்க. வெளிநாட்டு ஆர்டருக்குத் தக்கன நெறம் மாறும். நமக்கு இங்க மார்கழிக் குளுரு அடிக்கும், அந்த மாடியில சீமைக்காரன் கோடை காலம் காஞ்சுட்டு இருக்கும். எலுமிச்சை மஞ்ச, வெளுத்த நீலம், மாந்தளிர் நெறம். காத்தடிச்சா மாடி முழுக்கத் துணி பொங்கும், அப்பறம் மெல்ல எறங்கும். பஞ்சுத் தூசி வெயில்ல மெதந்துக்கிட்டு இருக்கும். அக்கா அதையே பாத்துக்கிட்டு இருக்கும்.

"அப்படி என்னக்கா பாக்கறே"ன்னு கேட்டேன் ஒரு நாளு.

"இந்த மஞ்சளை எந்த ஊருக் கொழந்தை போட்டுக்குமோன்னு பாக்கறேன்"னுச்சு.

அந்தக் கொழந்தைக்குப் பேரு வெச்சுருக்குது, தெருவு வெச்சுருக்குது. அந்தத் தெருவுல ஒரு பாலம் இருக்குதாம், பாலத்துக்குக் கீழ வாத்து நீந்துதாம், கொழந்தை புதுச்சட்டையில ஐசைச் சிந்திக்கிட்டு அம்மாகிட்ட அடி வாங்குதாம். மக ஊட்டுக்கு ஒருக்கா போனதை உட்டா அவிநாசிபாளையத்தைத் தாண்டாத பொம்பளை, அந்த நாற்காலியில உக்காந்தே ஒலகம் பூராச் சுத்தீட்டு வந்துரும். கொரல் போன பொறவு வந்த வழக்கம் இது. பேச்சுத்தான் போச்சு, இது இருக்குதுல்லன்னு சொல்லும். ஓசூருல மைதிலி ஊட்டு பால்கனியில நின்னா எதுத்த பிளாட்டுக்காரன் ஏசி மெஷினு மட்டுந்தான் தெரியும். அக்கா ஒரு தடவ பாத்துட்டு வந்தது.

மாமாவுக்கு இது தெரியும். அக்கா வாயத் தொறந்து ஒண்ணும் கேக்கல. இந்த மனுசனாத்தான் போனை எடுத்து வெச்சுக்கிட்டுப் படிக்க ஆரம்பிச்சாரு. வீடியோ ஓடும், சத்தம் கேக்காது. அடியில ஓடற எழுத்தைப் படிப்பாரு. இங்கிலீசுக்காரன் பேசறதை மெஷினே தமிழாக்கிப் போடுது, அது எந்த ஊருத் தமிழோ முருகனுக்குத்தான் வெளிச்சம். நிறுத்தி நிறுத்தி, திருப்பித் திருப்பிப் பாப்பாரு. கையகலத்துல ஒரு போர்டு வந்துச்சு, ஒயரு வந்துச்சு, ஈயம் பத்த வெக்கற கம்பி வந்துச்சு. சோறு திங்கற மேசையில எடமில்லாமப் போச்சு. பேரன் பேத்தி எடுக்கற வயசுல இதென்ன வேலை, அஞ்சுல வளையாதது அறுபதுல வளையுமான்னு கேட்டேன். கேட்டு என்ன பண்ண, அவரு காதுல உழுந்தாத்தான?

ஒரு நாளு என்னத்தையோ மாத்திக் கோத்துட்டாரு, பட்டுன்னு எங்க ஊட்டுக்கும் சேத்து ஃபியூஸ் போச்சு. நான் மாவு அரைச்சுட்டு இருந்தேன். கையெல்லாம் மாவோட போயி நின்னேன். மாமா விரலைச் சுட்டுக்கிட்டு, ஊதிக்கிட்டு, என்னையப் பாத்துச் சிரிக்கறாரு. "தப்பு எங்கன்னு தெரிஞ்சுருச்சு அம்மிணி"ங்கறாரு. அந்தச் சிரிப்பை நான் அதுக்கு முந்தி பாத்ததில்ல. வேலையில இருந்து நின்ன பொறவு அந்த மூஞ்சி கடையடைச்சாப்பலதான் கெடந்துச்சு.

வெளக்குக்கு, பழைய மெஷின் ஒடைச்சு விக்கற மீரா சாகிப் பாய் கடைக்குப் போனாரு. நிட்டிங் மெஷினுக்கு மேல செவப்பு வெளக்கு ஒண்ணு இருக்கும். நூலு அறுந்தா மெஷின் தானா நின்னுக்கும், வெளக்கு எரியும். ஓட்டறவரு ஓடிப் போயி முடிச்சுப் போட்டு உடோணும். காதடைக்கற அந்த எரைச்சல்ல ஆரு கூப்புட்டாலும் கேக்காது, வெளக்குத்தான் கூப்புடும். பாய் ஒரு கை நெறைய வெளக்கை அள்ளிக் குடுத்து, "அண்ணே, ஊட்டுலயும் ஷிப்டு ஓட்டப் போறீங்களா"ன்னு கேட்டாராம்.

எல்லாரும் ஊட்டுல காலிங்பெல் வெப்பாங்க, வேணுங்கறப்ப அமுக்கிக்கலாம். மாமா புத்தி அப்படிப் போகல. "உழுந்து கெடக்கறவ பட்டனை எப்படி அமுக்குவா? நூலு அறுந்துட்டேன்னு கத்துதா? ஓட்டம் நின்னாத் தெரியோணும், அத்தனைதான்"ன்னாரு. சமையக்கட்டு, பாத்ரூம், பின்னாடி நாற்காலி, எல்லா எடத்துலயும் ஆளு அசையறதைக் கண்டுபுடிக்கற சென்சாரை மாட்டுனாரு. அசைவு இருக்கற வரைக்கும் வெளக்கு சும்மா இருக்கும். உள்ள போன ஆளு வெளிய வராம அசைவு நின்னா, முன்னறையில முருகன் படத்துக்குப் பக்கத்துல செவப்பு எரியும்.

வேலை செஞ்சுது. அந்த மனுசன் கையால ஒண்ணு செஞ்சு அது வேலையும் செஞ்சுது. நானே அசந்து போயிட்டேன். ஆனா அதுக்குப் பொறவு எங்க அக்கா பட்ட பாடு இருக்குதே. முருங்கைக் கீரை உருவிட்டுச் சித்த அப்படியே நிக்கும், மாமா ஓடி வந்துருவாரு. நாற்காலியில சாஞ்சு, அந்தச் சீமைக் கொழந்தை பாலத்து மேல காலு வெச்சிருக்கும், மாமா ஓடி வந்து "ஏனு, ஏனு"ம்பாரு. வந்ததும் கை தானா மேல போகும், அறுந்த நூலைத் தேடி. அப்பறம் தான் எங்க நிக்கறோம்னு தெரிஞ்சு கையை எறக்கிக்குவாரு. அவரு ராத்திரி தூங்கறப்பவும் விரலு முடிச்சுப் போடும்னு அக்கா சொல்லியிருக்குது. ஒடம்புல ஊறிப் போனது, லேசுல போகுமா?

அக்கா உக்காரப் பயந்துக்கிட்டுச் சுத்திச் சுத்தி வந்துச்சு. நாய்க்கு வேலையுமில்ல, நிக்க நேரமுமில்லன்னு கேலி பண்ணுனேன். அது சிரிக்கல. "சித்ரா, பொங்கலுக்கு அந்தப் புள்ளையோடவே போயரலாம்னு இருக்குது. அங்க போனா நாற்காலியத்தான் உடோணும். இங்க நாற்காலி இருந்தும் உக்கார முடியல"ன்னுச்சு. அக்கா போயிருமோன்னு எனக்குப் பயமாப் போச்சு. என்ற ஊட்டுச் செவுத்துக்கு அக்கட்டால ஆருமில்லாத ஊட்டை நெனைச்சுப் பாக்கவே எனக்கு ஆகல.

கொஞ்ச நாள் கழிச்சு நெலமை சரியாப் போச்சு. வெளக்கு எரியறதே இல்ல. மாமாவுக்குப் பெருமை தாங்கல. "பாத்தியா அம்மிணி, இன்னைக்குப் பூரா ஒரு தடவ கூட நிக்கல. தேறிட்டா உங்க அக்கா"ங்கறாரு. எனக்குச் சந்தேகந்தான். அக்கா ஓடியாடற சத்தமே இக்கட்டால கேக்கலியே.

ஞாயித்துக்கெழமை மத்தியானம் நான் அங்க இருந்தேன். மாமா ஸ்குரூ டிரைவரைத் தேடிக்கிட்டுப் பின்னாடி போனாரு. போனவரு அப்படியே நின்னுட்டாரு. நான் எட்டிப் பாத்தேன். நாற்காலியில அக்கா தலை சாஞ்சு கெடக்குது, கண்ணு மூடியிருக்குது, கையி தொங்குது. பக்கத்துல ஸ்டூலு மேல டேபிள் ஃபேன் ஓடுது. ஃபேன் கூண்டுல பனியன் கட்டிங் வேஸ்டுத் துண்டு ஒண்ணைக் கட்டி உட்டிருக்குது, அது சென்சாருக்கு நேரா நெளிஞ்சு நெளிஞ்சு ஆடிக்கிட்டு இருக்குது. ஆளு நடமாடறாங்கன்னு சென்சாரு நம்பிக்கிட்டு இருக்குது. கெட்டிக்காரி புளுகு எட்டு நாளைக்கும்பாங்க. எங்க அக்கா இதை எத்தனை நாளா ஓட்டுச்சோ.

மாமா மண்டி போட்டு உக்காந்தாரு. கையை எடுத்துட்டுப் போயி அக்கா மூக்குக்கிட்ட வெச்சாரு. அக்கா கண்ணைத் தொறந்துச்சு.

"போயிட்டியோன்னு நெனைச்சேன்"னாரு. காது கேக்காதவரு, மெல்லப் பேச வராது. தெருவுக்கே கேட்டிருக்கும்.

"சும்மா உக்காந்திருந்தேனுங்க." அக்கா வாய் அசைவைப் பாத்தே அவரு புரிஞ்சுக்குவாரு.

"சும்மா உக்கார்றதுக்கு என்னைய ஏமாத்தோணுமா?"

"உங்க வெளக்குக்குச் சும்மா உக்கார்றதுன்னா என்னன்னு தெரியலீங்களே."

மாமா எந்திரிச்சுப் போயி ஃபேன்ல இருந்த துண்டை அவுத்தாரு. நாற்காலிக்கு மேல இருந்த சென்சாரையும் கழட்டிக்கிட்டு உள்ள போயிட்டாரு. அன்னைக்கு அந்த ஊட்டுல அழுகைதான் வரும்னு நெனைச்சுட்டு நான் என்ற ஊட்டுக்கு வந்துட்டேன். மார்கழி பொறந்தாச்சு. அக்கா பரண்ல இருந்து பெட்டியை எறக்கித் தொடைச்சு வெச்சுது. அதையப் பாத்துட்டு நான் கம்பெனியில ஒரு ஓட்டையைக் கூடக் கண்டுபுடிக்கல, மேஸ்திரிகிட்டத் திட்டு வாங்குனதுதான் மிச்சம்.

மாமா மறுபடி போனை எடுத்துக்கிட்டாரு. அக்கா சொன்ன வார்த்தை அவருக்குள்ள போயித் தச்சிருக்கோணும். ஆளு அசையாம உக்காந்திருந்தாலும், மூச்சுக்கு நெஞ்சு ஏறி எறங்குமல்ல, அதைக் கூடக் கண்டுபுடிக்கற சென்சாரு ஒண்ணு இருக்குதாம். எங்கியோ தேடிப் புடிச்சு வரவெச்சாரு. அது லேசுல மசியல. பூனை வந்தா அது மூச்சைச் சொல்லும், கொடியில துணி ஆடுனா அதுக்கும் மூச்சுங்கும். அதைச் சரிக்கட்டோணும்னா ஒரு ஆளு அசையாம உக்காந்து குடுக்கோணும்.

அப்பத்தாங்க அந்த அதிசயம் நடந்துது. "ஞானா, நாற்காலியில போயி உக்காரு. நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்காதே"ன்னு எங்க மாமா சொன்னாரு. அக்கா என்னையப் பாத்துச்சு. அந்தப் பார்வைய எழுத எனக்குத் தெரியாது.

மத்தியானமெல்லாம் அதுதான் சோலி. அக்கா நாற்காலியில, கண்ணு மாடித் துணியில. மூச்சை இழுக்கறப்ப ஒரு விரலைத் தூக்கும், உடறப்ப மடக்கும். மாமா கீழ உக்காந்து, விரலையும் போனையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு என்னத்தையோ திருத்துவாரு. கொஞ்ச நாளுல அக்காவும் சேந்துக்கிச்சு. ஒயரு நுனியைச் சீவறது, ஈயத்தை உருக்கி ஒட்டறது. கண்ணாடியப் போட்டுக்கிட்டு மாமாவை உட அக்கா நேக்காப் பண்ணுச்சு. மாமாவோட கையி முடிச்சுக்குப் பழகுன கை, அவசரப்படும். அக்காவுக்கு அவசரமே கெடையாது. தப்பாப் போனா ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துச் சத்தமே இல்லாமச் சிரிச்சுக்குவாங்க. மாடியில அப்ப எளம் பச்சை காஞ்சுட்டு இருந்துச்சு. நான் வாசப்படியில நின்னு பாத்துட்டு, தொந்தரவு பண்ணாம வந்துருவேன். எனக்கே தூக்கம் தூக்கமா வரும், அத்தனை அமைதி.

மத்த எடத்துலயெல்லாம் பழைய கணக்குத்தான், நின்னாச் செவப்பு எரியும். நாற்காலிக்கு மட்டும் வேற வெளக்கு, மஞ்ச நெறம். அக்கா மூச்சு இழுத்தா வெளக்கு மெல்ல ஏறும், உட்டா மெல்ல எறங்கும். மொதல்ல ரெண்டு நாளு, வெளக்கு ஏறறப்பவெல்லாம் மாமா எந்திரிச்சு நின்னாரு. எரிஞ்சா ஓடோணும், அதுதான அவரு படிச்ச படிப்பு. "உக்காருங்க மாமா, அக்கா நல்லா இருக்குதுன்னு அர்த்தம்"னு தோளைப் புடிச்சு நாந்தான் அமுக்கி உக்கார வெச்சேன். அந்த வயசுல புதுசைக் கூடக் கத்துக்கறாங்க, பழசை மறக்கறதுதான் பெரும்பாடு. அப்பறம் ஒரு நாளு வந்து பாக்கறேன், வெளக்கு ஏறி எறங்குது, மாமா செவுத்துல சாஞ்சு காலை நீட்டிக்கிட்டுப் பாத்துட்டு இருக்காரு.

பொங்கலுக்கு மைதிலி வந்தா. நோம்பி நல்லபடியாப் போச்சு. மாட்டுப் பொங்கலன்னைக்கு மத்தியானம், அக்கா பின்னாடி நாற்காலியில இருந்துச்சு. மைதிலி முன்னறையில அப்பாவுக்கு எதுக்க உக்காந்து, அவ வாயப் பாத்து அவரு புரிஞ்சுக்கற மாதிரி மெல்லக் கேட்டா. "என்னப்பா, இன்னும் ஒண்ணுமே கட்டி வெக்கல?" மாமா வெளக்கைப் பாத்தாரு.

"என்னது அது, லூஸ் கனெக்சனா?"

"அம்மா"ன்னாரு மாமா.

அவளுக்குப் புரியல. எந்திரிச்சு நடையில போயி நின்னா. அங்க நின்னா இந்தப் பக்கம் வெளக்கு தெரியும், அந்தப் பக்கம் நாற்காலி தெரியும். அம்மாவோட சேலைத் தலைப்பு ஏறி எறங்கறதைப் பாத்தா. திரும்பி வெளக்கைப் பாத்தா. மறுபடி அம்மாவைப் பாத்தா. வாயில கையை வெச்சுக்கிட்டா.

அன்னைக்கு நான் கம்முனு இருந்தது எங்க குடும்பத்துல ஒரு நல்லது கெட்டதுக்கும் நடக்காத காரியம்.

ரொம்ப நேரங் கழிச்சு வந்து அப்பாகிட்ட உக்காந்தா. "அப்பா, இது இங்க எரியறாப்பல எங்க ஊட்டுலயும் எரியுமா? ஓசூருல?"

மாமா யோசிச்சாரு. "நெட்டு இருந்தா எரியும். எப்படின்னு எனக்கு இன்னும் தெரியாது கண்ணு. பாக்கோணும்"னாரு. அன்னைக்கும் அடுத்த நாளும் அவரு மேசையை உட்டு எந்திரிக்கல. மைதிலி லீவை நீட்டிக்கிட்டா. அக்கா ஈயம் வெச்சுக் குடுத்துச்சு. கூட்டிட்டுப் போகோணும்னு வந்தவ, அதே மாதிரி செஞ்ச இன்னொரு மஞ்ச வெளக்கை ஒரு சட்டை அட்டைப் பெட்டியில வெச்சுக்கிட்டுக் காரெடுத்தா. அக்கா எறக்கி வெச்ச பெட்டி மறுபடி பரணுக்குப் போச்சு.

அவ போன அன்னைக்கே சாயங்காலம் எனக்குப் போன் வந்துச்சு. "சித்தி, வெளக்கை மாட்டிட்டேன். நல்லாத்தான் எரிஞ்சுது. இப்ப ஒரு மாதிரி இருக்குது. விட்டு விட்டு எரியுது, வேகமா ஏறுது, நடுவுல அப்படியே நிக்குது. அம்மாவுக்கு என்ன? சித்தி, ஓடிப் பாருங்க."

போனோடயே ஓடுனேன். பின்கட்டுக்குப் போனா, அக்கா நாற்காலியில உக்காந்து அழுதுக்கிட்டு இருக்குது. புள்ள போன வெசனம். கொரல் போன நாளா எங்க அக்கா எத்தனை தடவ இப்படி உக்காந்து அழுதுச்சோ, செவுத்துக்கு இக்கட்டால இருந்த எனக்கே ஒரு நாளும் தெரியல. ஆனா எனக்கு முந்தியே மாமா அங்க இருந்தாரு. சென்சாருக்குக் குறுக்க வராம, தொவைக்கற கல்லு மேல தள்ளி உக்காந்து, கையை மட்டும் நீட்டி அக்கா கையைப் புடுச்சுருந்தாரு.

மைதிலிகிட்ட மறைக்க எனக்கு மனசு வரல. "ஒண்ணுமில்ல கண்ணு. உங்க அம்மா அழுவுது. நீ போயிட்டேன்னு. அப்பா பக்கத்துலதான் இருக்காரு"ன்னேன்.

"போனை வெச்சுராதீங்க சித்தி. நான் வெளக்கைப் பாத்துக்கிட்டே இருக்கேன்"னா.

போனைக் காதுல வெச்சுக்கிட்டே முன்னறைக்கு வந்து நானும் வெளக்குக்கிட்ட உக்காந்தேன். அது தவிச்சுத் தவிச்சு எரிஞ்சுது. சித்த நேரத்துல ஒரு பெருமூச்சாட்ட ஏறி எறங்குச்சு. அப்பறம் மெல்ல, மெல்ல, ஒரே சீரா வந்துச்சு.

"தூங்கிட்டாங்களா சித்தி?"

எட்டிப் பாத்தேன். மாமா இன்னும் கையை உடல.

"தூங்கிருச்சு"ன்னேன்.